சாமர்ராவின் தங்கக் குவிமாடம்: எது பழையது, எது போனது

கேள்வி இது: ஈராக்கின் சாமர்ராவில் 2006-ல் குண்டு வைத்துத் தகர்க்கப்பட்ட அல்-அஸ்கரி பள்ளிவாசலை ஆயிரம் ஆண்டுப் பழமையானது என்று சிலர் எழுதுகிறார்கள், நூறு ஆண்டுதான் ஆகிறது என்று வேறு சிலர் எழுதுகிறார்கள். எது சரி? இப்போது அங்கே நிற்பது பழைய கட்டடமா?

இரண்டு கணக்குமே சரிதான், இரண்டும் வெவ்வேறு பொருளைப் பற்றியவை. ஷியாக்களின் இரண்டு இமாம்களின் அடக்கத்தலம் என்ற வகையில் அந்த இடத்துக்குக் கி.பி. 868 முதல் அறுபடாத தொடர்ச்சி உண்டு. அதன்மேல் கட்டடம் என்று ஒன்று எழுந்தது 944-45 வாக்கில். ஆனால் தொலைக்காட்சியில் நொறுங்கிக் கிடந்ததாக நாம் பார்த்த தங்கக் குவிமாடம் 1868-ல் தொடங்கி 1905-ல் முடிந்த வேலை. உடைந்தபோது அதன் வயது நூற்றொன்று. இந்த அடுக்குகளைப் பிரித்துப் பார்க்காமல் அங்கே எது போனது, எது மிஞ்சியது என்று சொல்ல முடியாது.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். சாமர்ரா என்றதும் பலர் எடுத்துப் போடும் படம், சங்குபோல் சுருண்டு மேலேறும் மினாராவின் படம். அது வேறு. மல்விய்யா என்று பெயர். உயரம் சுமார் 52 மீட்டர். கலீபா அல்-முதவக்கில் 848 முதல் 852 வரை கட்டிய பெரிய ஜும்ஆப் பள்ளியின் (வெள்ளிக்கிழமைக் கூட்டுத்தொழுகைப் பள்ளிவாசலின்) மினாரா. அதன் உச்சியும் 2005 ஏப்ரலில் ஒரு குண்டுவெடிப்பில் சேதமானது. அதற்குச் சற்றுமுன் வரை அமெரிக்கப் படை அதைக் காவல் மேடையாகப் பயன்படுத்தியிருந்தது. அல்-அஸ்கரி அங்கிருந்து தள்ளி, இன்றைய ஊரின் நடுவே இருக்கிறது. யுனெஸ்கோ 2007-ல் உலக மரபுச் சின்னமாகப் பதிந்த ‘சாமர்ரா தொல்நகரம்’ என்பதும் பெரும்பாலும் அப்பாஸியர் என்ற கலீபா வம்சத்தின் காலத்து இடிபாடுகளைத்தான் குறிக்கும். டைக்ரிஸ் ஆற்றை ஒட்டித் தெற்கு வடக்காக 41.5 கிலோமீட்டர் நீளத்துக்குப் பரந்து கிடக்கும் அந்த மண்மேடுகளில் ஐந்தில் நான்கு பங்கு இன்னும் தோண்டப்படவே இல்லை.

பாக்தாதுக்கு வடக்கே ஏறத்தாழ 125 கிலோமீட்டரில், ஆற்றின் கிழக்குக் கரையில், 836-ல் கலீபா அல்-முஃதஸிம் உருவாக்கிய படைநகரம் சாமர்ரா. பாக்தாதில் துருக்கிப் படைவீரர்களுக்கும் ஊர்மக்களுக்கும் ஓயாத தகராறு. படையையும் தலைநகரையும் சேர்த்தே இங்கே பெயர்த்துக் கொண்டுவந்தார். 892 வரை, அதாவது ஐம்பத்தாறு ஆண்டுகள், இதுதான் தலைநகர். நபியின் வழிவந்த பன்னிரண்டு இமாம்களைத் தலைவர்களாக ஏற்கும் ஷியா பன்னிருவர் மரபின் பத்தாவது இமாம் அலீ அல்-ஹாதியை மதீனாவிலிருந்து இங்கே வரவழைத்தவர் முதவக்கில். வரவழைத்தார் என்பது மரியாதைக்கான சொல். கர்பலாவில் நபியின் பேரர் இமாம் ஹுசைனின் அடக்கத்தலத்தை இடித்து நிலத்தை உழச்சொன்ன அதே முதவக்கில்தான் அவர். இமாமைக் கண்பார்வையிலேயே வைத்திருக்க வேண்டும் என்பதுதான் எண்ணம். இமாம் ஏறத்தாழ 20 ஆண்டுகள் இந்தப் படைநகரில் கண்காணிப்பில் வாழ்ந்து 868-ல் இறந்தார். வீட்டு முற்றத்திலேயே அடக்கம் செய்தார்கள். அந்த வீட்டை துலைல் இப்னு யஃகூப் என்ற கிறிஸ்தவரிடமிருந்து விலைக்கு வாங்கியிருந்தார் என்று பழைய வரலாற்றாசிரியர்கள் குறித்திருக்கிறார்கள். மகன் ஹஸன் அல்-அஸ்கரி பதினோராவது இமாம். அவர் 874-ல் இளவயதிலேயே இறக்க, அவரையும் தந்தையின் அருகிலேயே அடக்கினார்கள். பத்தாம் இமாமின் சகோதரி ஹகீமா காத்தூன், பதினோராம் இமாமின் துணைவி நர்ஜிஸ் காத்தூன் ஆகியோரின் கபுர்களும் (அடக்கங்களும்) அங்கேயே.

ஆக, நாம் பள்ளிவாசல் என்று சொல்லும் இது தொடக்கத்தில் ஒரு குடியிருப்பு வீடு. கலீபாவோ அமீரோ திட்டம் போட்டு எழுப்பிய தொழுகைக் கூடம் அல்ல. வீட்டின் நிலவறை ஒன்றும் இந்த வளாகத்தின் பகுதிதான். ஈராக்கின் கோடை வெயிலுக்கு வீட்டுக்கு வீடு நிலவறை வைப்பது வழக்கம், சர்தாப் என்பார்கள். பன்னிரண்டாவது இமாம் முஹம்மது அல்-மஹ்தி இறக்கவில்லை, கண்ணுக்கு மறைந்திருக்கிறார் என்பது ஷியாக்களின் நம்பிக்கை; அந்த மறைவை இந்தச் சர்தாபோடு இணைத்து அவர்கள் அதை ஜியாரத் (புனிதப் பயணம்) செய்கிறார்கள். தங்கக் குவிமாடத்துக்குச் சற்றுத் தள்ளி, தனியான நீலவண்ண ஓட்டுக் குவிமாடத்தின் கீழ் உள்ள பகுதி அது. தொலைவிலிருந்து எடுத்த படங்களில் இரண்டு குவிமாடங்கள் தெரிவது இதனால்தான்.

892-ல் கலீபாக்கள் பாக்தாதுக்குத் திரும்பியதும் ஊர் வற்றிப்போனது. அரண்மனைகளின் செங்கல்லைப் பெயர்த்து ஆற்றில் படகேற்றிக் கொண்டுபோனார்கள். சாமர்ரா என்ற ஊர் முற்றிலும் அழியாமல் ஒரு சிற்றூராகவாவது மிஞ்சியதற்கு இந்த இரண்டு கபுர்களும் அவற்றைத் தேடிவந்த பயணிகளும்தான் முக்கியக் காரணம். இன்றைய பழைய ஊர்ப்பகுதி இந்த ரவ்ழாவை (அடக்கத்தல வளாகத்தை) சுற்றித்தான் வளர்ந்தது.

கட்டியவர்கள் பட்டியல் நீளமானது, எல்லாரையும் சொல்லத் தேவையில்லை. 944-45-ல் வட ஈராக்கின் மோசூலை ஆண்ட ஹம்தானி அமீர் நாஸிருத் தவ்லா முதல் குவிமாடத்தை எழுப்பினார். அடுத்து வந்த புவைஹி அமீர்களில் முஇஸ்ஸுத் தவ்லாவும் அழுதுத் தவ்லாவும் விரிவாக்கினார்கள். இவர்கள் ஷியாக்கள், செய்ததில் வியப்பில்லை. வியப்பு அதற்குப் பிறகு வருகிறது. 1209-10-ல் சர்தாபில் அழகிய மரக் கதவுத்தட்டி வைத்தவர் அப்பாஸிய கலீபா அல்-நாஸிர். ஹிஜ்ரி 606 என்று ஆண்டு பொறித்த அந்த மரவேலையில் பன்னிரு இமாம்களின் பெயர்களும் செதுக்கப்பட்டிருந்தன. எந்த வம்சம் இமாம்களைக் காவலில் வைத்ததோ, அதே வம்சத்துக் கலீபா. பிறகு 1242-ல் தீ விபத்து. அதைச் சீராக்க உத்தரவிட்டதும் ஓர் அப்பாஸிய கலீபாதான், அல்-முஸ்தன்ஸிர். சுன்னி அரசு, ஷியா கட்டடம் என்று கத்தியால் வெட்டியதுபோல் பிரித்துப் பேசுகிறவர்கள் இந்த இரண்டு ஆண்டுகளையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

இன்னொரு பெரிய தீ ஹிஜ்ரி 1106-ல், அதாவது 1694-95 வாக்கில். உள்ளே எரியவிட்டுப் போன விளக்கிலிருந்து விரிப்பில் தீப்பற்றியது. கபுர்களின் மேலிருந்த மரப்பேழைகளும் கதவுகளும் கருகின. ஈரானின் ஸஃபவி மன்னர் ஷா சுல்தான் ஹுசைன் புதிய பேழைகளும் கிராதியும் அனுப்பிவைத்தார். இந்த வகைக் கட்டடங்களில் பழுது வருவது பெரும்பாலும் இரண்டு வழியாகத்தான். ஒன்று, உள்ளே மரமும் துணியும் கம்பளமும் நிறைந்திருக்க, நடுவே இரவெல்லாம் எண்ணெய் விளக்கு எரிவது. செங்கல் கூடு தாங்கிக்கொள்ளும். உள்ளலங்காரம் மொத்தமும் போய்விடும். இரண்டாவது, ஈரம். தென்-மத்திய ஈராக்கில் கல்லும் கிடையாது, நல்ல மரமும் கிடையாது. செங்கல்லும் ஜிப்சச் சாந்தும்தான் கட்டுமானப் பொருள். ஜிப்சச் சாந்து நிமிடங்களில் இறுகிவிடும் என்பதால் சாரம் அதிகம் போடாமலே வளைவும் குவிமாடமும் எழுப்பலாம்; அந்த நாட்டுக் கொத்தனாருக்கு அது பெரிய வசதி. ஆனால் அது தண்ணீரில் சிறிது சிறிதாகக் கரையும். ஆற்றோர நிலத்தின் உப்பீரம் அடிச்சுவரில் ஏற ஏற, சாந்து உதிர்ந்து செங்கல் பொரிந்துவிடும். அதனால் இரண்டு மூன்று தலைமுறைக்கு ஒருமுறை யாராவது வந்து பெரிதாகப் பழுதுபார்த்தே ஆகவேண்டும். மன்னர்களின் பெயர்ப்பட்டியல் இவ்வளவு நீள்வதற்குப் பக்தி ஒரு காரணம் என்றால் உப்பீரம் இன்னொரு காரணம்.

இப்போது நாம் அறிந்த அமைப்பு, அதாவது அகன்ற முற்றம், நடுவில் பெரிய குவிமாடம், முகப்பின் இருபுறமும் மினாராக்கள் என்ற ஒழுங்கு, 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் வந்தது. வடமேற்கு ஈரானில் கோய் நகரை ஆண்ட அஹ்மத் கான் துன்புலி 1785 வாக்கில் பெரும் பணம் செலவிட்டு வேலையைத் தொடங்கினார். அவர் கொல்லப்பட்ட பிறகு மகன் தொடர்ந்தார். 19ஆம் நூற்றாண்டின் முதற்பாதியில் ஊரைச் சுற்றி மதில் எழுந்தபோது இந்திய ஷியா செல்வந்தர்களின் பணமும் அதில் இருந்தது.

தங்கத்துக்கு வருவோம். ஈரானின் காஜார் வம்ச மன்னர் நாஸிருத்தீன் ஷாவின் செலவில், ஷைகு அப்துல் ஹுசைன் தெஹ்ரானியின் மேற்பார்வையில் 1868-ல் பொன்வேய்தல் தொடங்கியது. முஸஃப்பருத்தீன் ஷா காலத்தில், 1905-ல், முற்றுப்பெற்றது. பொன்வேய்தல் என்றால் கட்டித் தங்கம் என்று நினைக்க வேண்டாம். செம்புத் தகட்டைச் சதுரமாக வெட்டி, நான்கு ஓரத்தையும் பின்பக்கமாக மடித்து ஆழமில்லாத தட்டு மாதிரி ஆக்குவார்கள். முன்பக்கத்தை அமிலத்தால் துலக்கி, பாதரசத்தில் கரைத்த தங்கக் குழம்பைப் பூசித் தீயில் காட்டுவார்கள். பாதரசம் ஆவியாகிப் போய்விடும், தங்கம் செம்போடு ஒட்டிக்கொள்ளும். பிறகு தேய்த்து மெருகேற்ற வேண்டும். அந்த ஆவிதான் கைவினைஞர்களுக்கு எமன். தட்டின் குழிந்த பின்புறத்தில் சாந்து நிரப்பிக் குவிமாடத்தில் வரிவரியாகப் பதிப்பார்கள். தங்கப் படலம் ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் சில பங்கு தடிமன்தான். வெயிலில் செம்பு ஒரு அளவும் செங்கல் வேறு அளவும் விரிவதால் காலப்போக்கில் தட்டுகள் ஒட்டுவிட்டுப் பொருமும். இடைவெளி வழியே மழைநீர் இறங்கிப் பின்னாலிருக்கும் ஜிப்சத்தைக் கரைக்கும். ஈராக்கின் எல்லாத் தங்கக் குவிமாடங்களுக்கும் உள்ள தீராத நோய் இது.

அளவுகளைப் பற்றிக் கொஞ்சம் கறாராக இருக்க வேண்டும். குவிமாடத்தின் விட்டம் 20 மீட்டர், உயரம் 68 மீட்டர், அதில் 72,000 தங்கத் தகடுகள் என்று பல இடங்களில் ஒரே மூச்சில் எழுதப்பட்டிருக்கும். 68 மீட்டர் உயரம் என்பது பொருந்தவில்லை. மினாராக்களின் உயரம் 36 மீட்டர். குவிமாடம் 68 என்றால் மினாராவைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு ஓங்கி நிற்க வேண்டும். ஒரு பழைய படத்திலும் அப்படி இல்லை. 68 என்பது சுற்றளவாக இருந்தால் சரியாக வருகிறது: 68-ஐ 3.14-ஆல் வகுத்தால் விட்டம் 21.7 மீட்டர். யாரோ ஒருவர் சுற்றளவை உயரம் என்று எழுத, மற்றவர்கள் பார்த்து எழுதியிருக்கிறார்கள் என்பதே என் முடிவு. 72,000 தகடு என்பதையும் சோதிக்கலாம். 20 மீட்டர் விட்டமுள்ள அரைக்கோளத்தின் பரப்பு 628 சதுர மீட்டர். அடியில் உப்பி மேலே குவியும் வடிவம் என்பதால் 900, 950 வரை கூட்டிக்கொள்வோம். அதை 72,000-ஆல் வகுத்தால் தகடு ஒன்றுக்குச் சுமார் 130 சதுர சென்டிமீட்டர், அதாவது பக்கத்துக்கு 11 சென்டிமீட்டரைச் சற்றுத் தாண்டும். அவ்வளவு சிறிய தகடு இருக்கக் கூடாது என்றில்லை. ஆனால் 72 என்பது கர்பலாவில் இமாம் ஹுசைனோடு உயிர்நீத்த தோழர்களின் எண்ணிக்கையாகப் போற்றப்படுவது. அந்த எண்ணைப் பார்க்கும் இடத்திலெல்லாம் எண்ணிப் பார்த்துச் சொன்னதா, போற்றிச் சொன்னதா என்று கேட்டுக்கொள்வது நல்லது.

தங்கவேலை நடந்துகொண்டிருந்த அந்த ஆண்டுகளில்தான் சாமர்ரா ஷியா உலகின் தலைமைப்பீடமாகவும் இருந்தது. மூத்த முஜ்தஹிதான (மார்க்கச் சட்ட அறிஞரான) மீர்ஸா ஹஸன் ஷீராஸி 1874 வாக்கில் ஷியா கல்வி நகரான நஜஃபை விட்டு இங்கே வந்து குடியேறினார். மாணவர்கள் பின்தொடர்ந்தார்கள், மத்ரஸா எழுந்தது, ஆற்றின் குறுக்கே மிதவைப் பாலம் போடப்பட்டது. ஈரான் மன்னர் நாட்டின் புகையிலை வணிகம் முழுவதையும் 1890-ல் ஓர் ஆங்கிலேயருக்குக் குத்தகைக்கு விட்டபோது, புகையிலையைத் தொடுவது ஹராம் என்ற ஃபத்வா 1891 டிசம்பரில் ஷீராஸியின் பெயரால் பரவியது. ஈரான் முழுக்க ஹுக்காக்கள் அணைந்தன. அடுத்த மாதமே குத்தகை ரத்தானது. குவிமாடத்துக்குப் பொன் வேய்ந்த அதே நாஸிருத்தீன் ஷாவின் கையை அந்தக் குவிமாடத்தின் நிழலில் இருந்த ஒருவர் முறுக்கினார் என்பதை வரலாறு எழுதுகிறவர்கள் ஏனோ அதிகம் சேர்த்துச் சொல்வதில்லை. 1895-ல் ஷீராஸி இறந்ததும் மாணவர்கள் நஜஃபுக்கும் கர்பலாவுக்கும் கலைந்தார்கள். ஊர் மறுபடி சுன்னிகள் பெரும்பான்மையாக வாழும் சிறுநகரானது.

இந்த இடத்தின் தனித்தன்மை இங்கேதான் இருக்கிறது. நஜஃபிலும் கர்பலாவிலும் ரவ்ழாவைச் சுற்றியுள்ள ஊரும் ஷியா ஊர். சாமர்ராவில் ரவ்ழா ஷியாக்களுடையது, ஊர் சுன்னிகளுடையது. சாவியை வைத்திருந்த பரம்பரைப் பணியாளர்கள் உள்ளூர் சுன்னிக் குடும்பத்தார். ஜியாரத்துக்கு வருகிறவர்களை நம்பியே கடைத்தெருவும் தங்கும் விடுதிகளும் நடந்தன. சாமர்ராவின் சுன்னிக் குலங்கள் பலவும் தங்களை இமாம் அல்-ஹாதியின் வழித்தோன்றல்கள் என்றே சொல்லிக்கொள்பவை. அவர்களுக்கு அது பாட்டனார் அடங்கியிருக்கும் இடம். உரசல் எதுவும் இருந்ததில்லை என்று சொல்ல மாட்டேன்; மீர்ஸா ஷீராஸி காலத்திலேயே சச்சரவு உண்டு. ஆனாலும் தலைமுறை தலைமுறையாக ஓடிய ஏற்பாடு அது.

2006 பிப்ரவரி 22, புதன்கிழமை. காலை ஏழு மணிக்குச் சற்று முன்பு குவிமாடம் வெடித்து விழுந்தது. படைச்சீருடையில் வந்தவர்கள் இரவே உள்ளே நுழைந்து காவலர்களைக் கட்டிப்போட்டிருந்தார்கள். வெடிமருந்தை அவசரத்தில் வீசிவிட்டு ஓடியதல்ல இது. தாங்கு தூண்களில் துளையிட்டு வெடிமருந்து திணித்திருக்கிறார்கள், அதற்கு 12 மணி நேரமாவது ஆகியிருக்கும் என்று அப்போதைய கட்டுமான அமைச்சர் ஜாசிம் முஹம்மது ஜாஃபர் சொன்னார். வெடிப்பில் உயிரிழப்பு இல்லை. உள்ளே இருந்தவர்களைக் கொல்வது அன்று நோக்கமாக இருக்கவில்லை. பார்க்கிறவர்களைக் கொதிக்கவைப்பதுதான் நோக்கம்.

குவிமாடம் ஏன் முழுதாக விழுந்தது, மினாராக்கள் ஏன் நின்றன என்பது கட்டுமானத்தைப் பார்த்தால் புரியும். செங்கல் குவிமாடம் தன் எடையைக் கீழ்நோக்கி அழுத்தியே நிற்கிறது. அழுத்தத்தை அது எவ்வளவும் தாங்கும், இழுவையைத் தாங்காது. அதன் எடை கழுத்துப்போன்ற வட்டச்சுவருக்கு இறங்கி, அங்கிருந்து நான்கு பெரிய வளைவுகளுக்கும், அவற்றின் வழியே நான்கு பருமனான தூண்களுக்கும் போகிறது. தூண்களில் ஒன்றிரண்டு போனாலும் வட்டச்சுவர் ஒருபுறம் அமுங்கும். அமுங்கிய இடத்தில் குவிமாடத்தின் அடிவளையம் பிளக்கும். பிளந்த வளையம் மேலிருக்கும் எடையை ஒருங்கே பிடித்துவைக்க முடியாது. எஃகுக் கம்பி கோத்த கட்டடமாக இருந்தால் சாய்ந்து தொங்கியாவது நிற்கும். செங்கல்லும் ஜிப்சமும் அப்படி இல்லை, எல்லாம் உள்நோக்கிச் சரிந்துவிடும். மினாராக்களின் எடை இந்தத் தூண்களில் இறங்கவில்லை, அவற்றுக்குத் தனி அடித்தளம். அதனால் அவை அன்று தப்பின. கபுர்கள் நிலமட்டத்துக்குக் கீழே இருந்ததால் அவற்றின் மேல் இடிபாடுதான் குவிந்தது.

அன்று மாலைக்குள்ளேயே பாக்தாதில் சுன்னிப் பள்ளிகள் தாக்கப்பட்டன. ஈராக் ஷியாக்களின் மூத்த மார்க்கத் தலைவர் ஆயத்துல்லா அலீ அல்-சிஸ்தானி ஏழு நாள் துக்கம் அறிவித்து, சுன்னிப் பள்ளிகளைத் தொடக் கூடாது என்றார். தெருவில் கேட்கவில்லை. சாமர்ராவிலேயே பிறந்தவரான அல்-அரபிய்யா தொலைக்காட்சிச் செய்தியாளர் அத்வார் பஹ்ஜத், செய்தி சேகரிக்கப் போன இடத்தில் உடன்வந்த இருவரோடு கடத்திக் கொல்லப்பட்டார். தந்தை சுன்னி, தாய் ஷியா. அடுத்த சில நாட்களில் நூற்றுக்கணக்கானவர்கள் மாண்டார்கள். 2006, 2007 இரண்டு ஆண்டுகளில் 15 லட்சத்துக்கும் அதிகமானோர் நாட்டுக்குள்ளேயே இடம்பெயர்ந்தார்கள். பாக்தாதின் கலப்புத் தெருக்கள் ஒரே பிரிவினரின் தெருக்களாக மாறியது இந்தக் காலத்தில்தான். இந்தக் குண்டுதான் உள்நாட்டுப் போரைத் தொடங்கிவைத்தது என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. அது பாதி உண்மை. 2005 முழுக்கவே பாக்தாதில் ஆள்கடத்தலும் கைகட்டிச் சுட்டுப்போட்ட பிணங்களும் இருந்தன. சாமர்ரா அதை வெளிப்படையாக்கி வேகம் கூட்டியது.

ஈராக் அல்-காயிதாதான் செய்தது என்று அரசு கூறியது. ஹைதம் அல்-பத்ரி என்ற உள்ளூர்க்காரரை மூளையாகச் சுட்டியது. அவர் 2007 ஆகஸ்டில் அமெரிக்கப் படையால் கொல்லப்பட்டார். பத்ரி குலமும் இமாம் அல்-ஹாதியின் வழி என்று சொல்லிக்கொள்ளும் சாமர்ராக் குலங்களில் ஒன்றுதான். பிற்பாடு ஐஎஸ் (இஸ்லாமிய அரசு) ஆயுதக்குழுவின் தலைவரான அபூபக்ர் அல்-பக்தாதியும் சாமர்ராவில் பிறந்த பத்ரி.

2007 ஜூன் 13, மறுபடி புதன்கிழமை, காலை ஒன்பது மணி வாக்கில் இரண்டு மினாராக்களும் அடுத்தடுத்துச் சரிந்தன. இந்த முறை வளாகத்துக்குக் காவல் இருந்தது. காவலில் இருந்தவர்களையே பிடித்து விசாரித்தார்கள். ஜூலையில் வளாகத்தில் மிஞ்சியிருந்த மணிக்கூண்டும் போனது. ஆனால் 2006-ல் நடந்ததுபோல் நாடே பற்றி எரியவில்லை. பாக்தாதில் உடனே ஊரடங்கு போட்டது ஒரு காரணம். பிரிக்க வேண்டிய தெருக்கள் ஏற்கெனவே பிரிந்துவிட்டிருந்தன என்பது கசப்பான இன்னொரு காரணம்.

திரும்பக் கட்டும் வேலைக்கு யுனெஸ்கோ முன்வந்தது. ஐரோப்பிய ஒன்றியமும் ஈராக் அரசும் பணம் போட்டன. வேலை முதலில் பொறியியலில் சிக்கவில்லை, சாலையில்தான் சிக்கியது. பாக்தாதிலிருந்து சாமர்ரா வரும் நெடுஞ்சாலையில் சிமெண்ட் லாரி பத்திரமாக வந்துசேர உத்தரவாதம் இல்லாதபோது எந்த ஒப்பந்தக்காரர் வருவார்? 2008-ல்தான் வேலை சூடுபிடித்தது. இடிபாட்டை அள்ளிக் கொட்டிவிட முடியாது. பொன் தகடு, எழுத்து பொறித்த ஓட்டுத்துண்டு, கண்ணாடிப் பதிப்பு, மரத்துண்டு, கிராதியின் வெள்ளி என்று இனம்பிரிக்க வேண்டும். நின்ற சுவர்களில் எது எடை தாங்கும், எது இறக்கப்பட வேண்டும் என்று பார்க்க வேண்டும். அதற்குப் பிறகே தூண். 2009 ஏப்ரலில், சாரம் பிரிக்காமலே, ஜியாரத்துக்கு மீண்டும் திறந்தார்கள். குவிமாடத்துக்கும் மினாராக்களுக்கும் பொன் போர்த்தும் வேலை அதன்பின் ஆண்டுக்கணக்கில் நீண்டது. வடிவத்தைப் பழைய படங்களைப் பார்த்து அப்படியே மீட்டார்கள். ஆகவே இன்று நிற்கும் குவிமாடம் உருவில் காஜார் காலத்தது, உடலில் 21ஆம் நூற்றாண்டினது.

இதற்கிடையே 2014 ஜூனில் ஐஎஸ் ஊரின் சில பகுதிகளுக்குள் நுழைந்து விரட்டப்பட்டது. மாதக் கடைசியில் வளாகத்தின் மேல் மோர்ட்டார் குண்டுகளும் விழுந்து உயிரிழப்பு ஏற்பட்டது. ஊரைக் காக்க ஷியா படைக்குழுக்கள் குவிந்தன, ஊர் கைவிட்டுப் போகவில்லை. அதே ஆண்டு ஜூலையில் மோசூலில் நடந்ததைப் பலர் கவனிக்கவே இல்லை. இமாம் யஹ்யா இப்னுல் காஸிமின் 1239-ஆம் ஆண்டு ரவ்ழாவையும், இமாம் அவ்னுத்தீனின் 1248-ஆம் ஆண்டு ரவ்ழாவையும் ஐஎஸ் வெடிவைத்துத் தரைமட்டமாக்கியது. மோசூலின் ஆட்சியாளர் பத்ருத்தீன் லுஃலுஃ கட்டியவை அவை. வெளியே கூர்ங்கூம்புக் கூரை, உள்ளே தேன்கூட்டு அடுக்காக இறங்கும் முகர்னஸ் வேலை. மங்கோலியப் படையெடுப்பைக் கடந்து, கட்டிய உருவிலேயே ஏறத்தாழ எண்ணூறு ஆண்டுகள் நின்ற மூலக் கட்டடங்கள். கட்டடக்கலை என்ற ஒரே அளவுகோலை வைத்தால் சாமர்ராவைவிட மோசூலின் இழப்பு பெரிது. சாமர்ராவில் போனது பலமுறை புதுப்பித்த உடலின் கடைசிப் பதிப்பு. அதற்கான படங்களும் பணமும் கைவினைஞர்களும் இருந்தார்கள். மோசூலில் போனதற்கு அடுத்த பிரதி கிடையாது.

சாமர்ராவில் மீளாமல் போனது வேறு. வளாகத்தின் நிர்வாகம் ஷியா வக்ஃபின் கைக்கு மாறியது. காவலும் வெளியூர் ஆட்களுடையதாகியது. சாவி வைத்திருந்த உள்ளூர்க் குடும்பங்களின் இடம் போனது. வளாகத்தைச் சுற்றிக் கான்கிரீட் தடுப்புச் சுவர்கள் எழுந்தன. பழைய கடைத்தெருவின் பெரும்பகுதி ஆண்டுக்கணக்கில் மூடிக்கிடந்தது. விடுதி நடத்தியவர்கள் பிழைப்பை இழந்தார்கள். ஜியாரத் முன்னைவிடப் பெருகியிருக்கிறது. ஆனால் பேருந்துகள் காவலோடு வந்து காவலோடு திரும்புகின்றன, ஊர்க்காரர் கடையில் டீ குடிக்க நேரமில்லை. பாதுகாப்புக்காகச் செய்தது என்பதை மறுக்க முடியாது. ஊரையும் ரவ்ழாவையும் பிரிக்க நினைத்தவர்களின் வேலையில் ஒரு பகுதியை அதுவும் சேர்த்துச் செய்துவிட்டது என்பதையும் மறுக்க முடியாது.

கடைசியாக, இணையத்தில் சுற்றும் படங்களுக்கு ஆண்டு குறிக்க ஒரு வழி. பொன் குவிமாடமும் இரண்டு மினாராக்களும் முழுதாக, சுற்றிலும் கடைத்தெரு நெருக்கியடித்துத் தெரிந்தால் 2006 பிப்ரவரிக்கு முந்தியது. மினாராக்கள் இரண்டும் நிற்க, நடுவே குவிமாடம் இருந்த இடத்தில் செங்கல் சிதறல் என்றால் 2006 பிப்ரவரி 22 முதல் 2007 ஜூன் 13 வரை. மினாராவும் இல்லை, மணிக்கூண்டு மட்டும் உண்டு என்றால் 2007 ஜூன், ஜூலைக்குள். பொன் இல்லாமல் சாரத்துக்குள் குவிமாடம் எழுந்துவருவது 2009-ஐ ஒட்டியது. பளிச்சென்ற பொன்னும், சுற்றிலும் வெட்டவெளியும் தடுப்புச் சுவரும் கொடிகளுமாக இருந்தால் அது அதற்குப் பிந்திய படம், தலைப்பில் ‘ஆயிரம் ஆண்டுப் பழமையான பள்ளிவாசல்’ என்று எழுதியிருந்தாலும்.